மலையகத்தில் பழைய கார்களின் கூடலை நடத்துவது எப்படி

பழைய கார் உரிமையாளர் கழகம் ஒன்று கொழும்பு மைதானமொன்றில் கூடும்போது, வண்டிகள் வரிசையாக நின்று காட்சி தருவதே நிகழ்ச்சியாக அமைந்துவிடுகிறது. அதே கழகம் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ கூடுமானால், ஏறி வருவதும் இறங்கிப் போவதுமே நிகழ்ச்சியின் பெரும் பகுதியாகும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. இடைப்பட்ட சுமார் 75 கிலோமீற்றரில், அறுபது எழுபது வயதான ஓர் என்ஜின் தன்னால் இயன்ற கடைசி வலுவையும் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. ஆகையால், பெயர் கொடுத்த வண்டிகளுள் எது மிகவும் மெலிந்ததோ, அதன் வலுவுக்கு ஏற்பவே நாள், பாதை, புறப்படும் நேரம், தரிப்பிடம் ஆகிய யாவும் முடிவு செய்யப்பட வேண்டும் என்பதை இந்த வழிகாட்டியின் அடிப்படையாகக் கொள்கிறேன். வந்த எல்லா வண்டிகளும் தம் சொந்தச் சக்கரங்களில் வீடு திரும்பினால்தான் அந்தக் கூடல் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியும்.

நாளும் பாதையும்

மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் இல்லை. மேற்குச் சரிவிலுள்ள கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை ஆகிய ஊர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கிடைக்கிறது. கிழக்கே ஊவாவிலுள்ள வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் அக்காலத்தில் பெரும்பாலும் வறண்டிருந்து, டிசம்பர் முதல் பெப்ரவரி வரையே நன்கு நனைகிறது. எனவே ஹட்டன் வழியாகவோ ரம்பொடை வழியாகவோ ஏறும் கூடலுக்குப் பெப்ரவரியும் மார்ச்சின் முற்பகுதியும் ஏற்றவை. பண்டாரவளையில் கூடுவதானால் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை வெயிலை நம்பிப் புறப்பட்டவர்கள் பிற்பகல் இடிமழையில் சிக்கிக்கொள்வது வழக்கம். கண்ணாடி துடைக்கும் வாய்ப்பர் மெதுவாக அசையும், விளக்கு மங்கலாக எரியும் ஒரு பழைய வண்டிக்கு அது வெறும் அசௌகரியம் அன்று, ஆபத்து. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகள் மலையகத்தின் பல வீதிகளைத் துண்டித்ததை எல்லோரும் கண்டோம். புறப்படுவதற்கு முந்திய நாள் மாலையில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பதைக் கட்டாய விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை இருக்குமானால், எத்தனை பேர் விடுதிக்கு முற்பணம் கட்டியிருந்தாலும் கூடலை ஒத்திவைக்கத் தயங்கக் கூடாது.

காலநிலைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது மக்களின் நாட்காட்டி. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார் போட்டியும் குதிரைப் பந்தயமும் நடப்பதால், பழைய வண்டிகளை விரும்பிப் பார்க்கும் கூட்டம் அங்கே தானாகவே சேர்ந்திருக்கும். ஆயினும் அந்த நாட்களில் வாகனங்கள் அடிக்கு அடி நின்று நகர்வதால், ஏற்றத்தில் காற்றோட்டமின்றி ஊர்ந்து போகும் பழைய என்ஜின் கொதித்துப் போவது ஏறக்குறைய நிச்சயம். ஏப்ரலில் காட்சி வைக்க விரும்பும் கழகம், வண்டிகளை ஓரிரு நாட்கள் முன்னதாகவே மேலே கொண்டுசென்று விட வேண்டும். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில், வார இறுதிகளில் ஹட்டன் நகரத்தைக் கடப்பதே பெரும்பாடாகிவிடும். கண்டி எசல பெரஹர நாட்களில் அந்நகரின் வீதிகள் மூடப்படும். தோட்டங்களுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் அன்று மக்கள் கடைத்தெருவுக்கு இறங்குவார்கள். சம்பளம் கொடுத்ததற்கு அடுத்து வரும் ஞாயிறு இன்னும் நெருக்கமாக இருக்கும். மாசி முதல் சித்திரை வரை தோட்டத்துக் கோயில் திருவிழாக்களின் தேர் பவனி பெருவீதிக்கே வருவதும் உண்டு. இவை அனைத்தையும் கருதி, சனிக்கிழமை அதிகாலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஞாயிறு காலையில் திரும்புவது என்ற ஏற்பாட்டையே பரிந்துரைக்கிறேன்.

பாதையைப் பொறுத்தவரை, கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை வழியாகச் செல்லும் ஏ5 வீதி அழகில் குறைவற்றது. ஆனால் ரம்பொடைக்கு மேலே வளைவுக்கு மேல் வளைவாக, இளைப்பாற இடம் தராமல் ஏறுகிறது. அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாகச் செல்லும் ஏ7 வீதியில் தூரம் கூடினாலும் ஏற்றம் பகிர்ந்து வருகிறது. 1,271 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் ஒரு முறை ஆறிக்கொள்ளலாம். டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க நிறுத்துமிடத்தில் மறுபடியும் ஆறிக்கொள்ளலாம். முதன்முறையாகக் கூடல் நடத்தும் கழகத்துக்கும், 1950 ஆம் ஆண்டுக்கு முந்திய வண்டிகள் உள்ள கழகத்துக்கும் ஏ7 வீதியே உகந்தது. நானுஓயாவுக்கு அருகிலுள்ள ரதல்ல குறுக்கு வீதி நேரத்தை மிச்சப்படுத்தும் என்று யார் சொன்னாலும் அதைத் தவிர்த்துவிட வேண்டும். அந்தச் செங்குத்து இறக்கம் பல உயிர்களைப் பறித்திருக்கிறது.

பெயர்ப் பதிவில் கேட்க வேண்டியவை

பல கழகங்கள் உரிமையாளரின் பெயர், வண்டியின் பெயர், உணவு விருப்பம் ஆகியவற்றோடு பதிவை முடித்துவிடுகின்றன. மலையகக் கூடலுக்கு அது போதாது. வண்டி 12 வோல்ட்டா 6 வோல்ட்டா, பற்றரியின் எந்த முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் பம்ப் உண்டா, வாய்ப்பர் மின்சாரத்தால் இயங்குகிறதா என்ஜினின் உறிஞ்சலால் இயங்குகிறதா, பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, டயர்களின் வயது என்ன, இருக்கைப் பட்டி உண்டா, கடந்த ஓராண்டில் வண்டி தொடர்ந்து ஓடிய மிக நீண்ட தூரம் எவ்வளவு ஆகிய விபரங்களையும் கேட்டுப் பெற வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதில் மற்றெல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். வீட்டிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து வீட்டுக்கும் மட்டுமே ஓடிப் பழகிய வண்டியை, பளபளக்கிறது என்பதற்காக மலை ஏற்றக் கூடாது. அத்தகைய உறுப்பினரிடம், கூடலுக்கு முன்பாக ஐம்பது கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றைச் செய்து வருமாறு அன்போடு கேட்டுக்கொள்ள வேண்டும்.

வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் அன்றைய திகதியில் செல்லுபடியாகின்றனவா என்பதை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவர்களுக்கு, தம் வண்டிக்கு நேரும் சேதம் தம்மையே சேரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. வழியிலுள்ள பொலிஸ் நிலையங்களுக்கு, வண்டிகளின் எண்ணிக்கையையும் கடந்து செல்லும் நேரத்தையும் குறிப்பிட்டு, இது போட்டி ஓட்டம் அல்ல என்பதையும் தெளிவாக எழுதிக் கடிதம் கொடுக்க வேண்டும்.

வண்டியைத் தயார் செய்தல்

முதலில் தண்ணீர். நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி காக்கும் ஒவ்வொரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல்) அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் ஒன்றரைப் பாகை உயர்த்துகிறது. 7 பிஎஸ்ஐ மூடி நன்றாக இருந்தால் பத்துப் பாகைக்கு மேல் கிடைக்கும், அதன் இரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுக்கும் செலவை நினைக்குமுன் மூடியைப் புதிதாக வாங்குங்கள். பழைய ஃபோர்ட் பிரிஃபெக்ட் போன்ற சைட் வால்வ் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்த) வண்டிகள் பலவற்றில் தண்ணீர் பம்ப் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலேறிச் சுழல்வதை நம்பியே அவை குளிர்கின்றன. ரேடியேட்டரின் மேல்தொட்டியில் தண்ணீர் மேல்குழாயின் வாய்க்குக் கீழே குறைந்தால் அந்தச் சுழற்சி நின்றுவிடும் என்பதால், இவற்றுக்கு ஒவ்வொரு தரிப்பிலும் மட்டம் பார்த்தாக வேண்டும். வோக்ஸ்வாகன் பீட்டிலுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. ஆனால் குளிரூட்டும் விசிறியையும் டைனமோவையும் ஒரே பெல்ட் சுழற்றுவதால், சிவப்பு விளக்கு எரிந்த கணமே வண்டியை நிறுத்த வேண்டும். மாற்று பெல்ட் இல்லாத பீட்டிலைப் புறப்பட அனுமதிக்கக் கூடாது.

அடுத்தது காற்றும் பெற்றோலும். மேலே காற்று மெலிவதால், நுவரெலியாவை எட்டும்போது என்ஜின் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். கலவையில் பெற்றோல் கூடிப் பிளக் கறுத்துப்போகும். மொரிஸ் மைனர் போன்ற எஸ்.யு. காபரேட்டர் வண்டிகளில், பெற்றோல் வரும் துளையான ஜெட்டின் அடியிலுள்ள ஆறுமுக நட்டை ஒரு முகம் (ஆறில் ஒரு சுற்று), மிஞ்சினால் இரண்டு முகம் மேல்நோக்கித் திருப்பினால் கலவை சீராகும். எத்தனை முகம் திருப்பினோம் என்பதை எழுதிவைத்து, திரும்பி இறங்கியதும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மெலிந்த கலவையோடு கீழே ஓடினால் என்ஜின் சூடேறி வால்வ் கருகும். இந்த எச்சரிக்கை நுவரெலியா, அப்புத்தளை உறுப்பினர்களுக்கு இன்னும் பொருந்தும்: மேலேயே சரிசெய்யப்பட்டு மேலேயே ஓடிய வண்டி, கண்டிக் கூடலுக்கு இறங்கும்போது பெற்றோல் பற்றாத கலவையில் ஓடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சோலெக்ஸ், செனித் காபரேட்டர்களில் ஜெட்டைத் தொடாமல் விடுவதே நல்லது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டதால், வால்வ் வந்து அமரும் இருக்கைகள் கடினமானவையாகப் பொருத்தப்படாத என்ஜின்கள் நீண்ட ஏற்றங்களில் மெல்ல மெல்லத் தேய்கின்றன. கூடலுக்கு முன்பும் பின்பும் வால்வ் இடைவெளியை அளந்து ஒப்பிட்டால் அந்தத் தேய்வு தெரிந்துவிடும்.

பிரேக் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஒயில் சுற்றுத்தான் உண்டு. ஒரு சிறு குழாய் வெடித்தால் நான்கும் ஒருசேரப் போய்விடும், எஞ்சியிருப்பது கை பிரேக் மட்டுமே. எனவே கை பிரேக் கம்பியை இறுக்கி, சரிவான இடமொன்றில் வண்டியை அது தனியே பிடித்து நிறுத்துகிறதா என்று சோதிப்பது முதல் வேலை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புதிய டொட் 4 தர ஒயில் குறைந்தது 230 பாகையில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அதற்கான தரநிலை 155 பாகையாகவே குறைந்துவிடுகிறது. நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மின் சூட்டில் அந்த ஒயில் கொதித்து ஆவியானால், மிதிபலகை எதிர்ப்பேதுமின்றித் தரையைத் தொடும். மலையின் ஈரக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒயில் மாற்றுவது மிகையாகாது. மொரிஸ் மைனரின் முன்சக்கர பிரேக்குகள் வண்டி முன்னோக்கி ஓடும்போது டிரம்மின் சுழற்சியாலேயே மேலும் இறுகும்படி அமைந்தவை. பின்னோக்கி உருளும்போது அந்த உதவி கிடைக்காது. ஏற்றத்தில் நின்ற மைனர் பின்னுக்கு நழுவத் தொடங்கினால் மிதிபலகையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். தோட்டங்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய லேண்ட் ரோவர்களின் கை பிரேக், சக்கரத்தை அன்றிப் பின்னே செல்லும் தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் உயர்த்தியதும் அந்தப் பிடி விட்டுப்போய் வண்டி உருண்டுவிடும். ஆகவே லேண்ட் ரோவருக்கு டயர் மாற்றுமுன் மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தே தீர வேண்டும். எல்லா வண்டிகளும் நல்ல மரத்தில் வெட்டிய முட்டுக்கட்டைகள் இரண்டை எடுத்துவர வேண்டும். வழியில் கிடைத்த கல்லைச் சக்கரத்துக்கு வைத்துவிட்டு அதை வீதியிலேயே போட்டுச் செல்வது, இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்குச் செய்யும் பெருந்தீங்கு.

மின்சாரத்தைப் பற்றி ஒன்றைச் சொன்னால் போதும். பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். பீட்டிலிலும் பிற்கால வண்டிகளிலும் எதிர்முனை இணைந்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி போட்டு ஸ்டார்ட் செய்யும்போது நேரை நேரோடும் எதிரை எதிரோடும் நேரடியாகப் பற்றரியில் இணைத்து, இரு வண்டிகளின் உலோகமும் ஒன்றையொன்று தொடாதவாறு இடைவெளி விட வேண்டும். 6 வோல்ட் வண்டியை 12 வோல்ட் வண்டியோடு இணைக்கவே கூடாது.

ஏற்றத்தில்

எல்லா வண்டிகளும் ஒரே ஊர்வலமாகச் செல்வது படத்துக்கு அழகாக இருக்கலாம். மலை வீதியில் அது பின்னால் வரும் பஸ்களையும் நோயாளர் வண்டிகளையும் மறித்து, நம் வண்டிகளையும் கெடுக்கும். தண்ணீரால் குளிரும் என்ஜினுக்குத் தன் இயல்பான வேகத்தில் ஓடுவதே குளிர்ச்சி. தன்னைவிட மெதுவான வண்டியின் பின்னால் முதல் கியரில் ஊர்வது அதற்குத் தண்டனை. ஆகையால் ஏறும் வேகத்தை வைத்து நான்கு ஐந்து வண்டிகள் கொண்ட குழுக்களாகப் பிரித்து, மிக மெதுவான குழுவை முதலில் அனுப்பி, கால் மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்த குழுக்களை விட வேண்டும். ஒவ்வொரு குழுவின் கடைசி வண்டியிலும் மெக்கானிக் ஒருவர் இருக்க வேண்டும். கழகத்தின் சார்பில் அவருக்கு உரிய கூலியையும் உணவையும் தங்குமிடத்தையும் கொடுப்பது கடமை. உறுப்பினரின் தயவில் அவரை விட்டுவிடக் கூடாது.

புறப்படும் இடத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படுவது நம்மவரின் வழக்கம். அந்தப் பத்து நிமிடங்களையும் நேர அட்டவணையில் சேர்த்துக்கொண்டால், முதல் குழு தாமதித்துப் புறப்பட்டு அந்தத் தாமதத்தை ஏற்றத்தில் ஈடுசெய்ய முயலாது.

கியரை என்ஜின் திணறத் தொடங்குமுன்பே குறைக்க வேண்டும். மைனரிலும் அதன் காலத்து வண்டிகள் பலவற்றிலும் முதல் கியருக்கு, ஓடும்போதே கியரை எளிதாக இணைத்துவிடும் சின்குரோமெஷ் இல்லை. கொண்டை ஊசி வளைவின் நடுவே முதல் கியரைத் தேடுபவர் பெரும்பாலும் நின்றே போவார், ஆகவே வளைவுக்கு முன்பே உரிய கியரில் இருப்பது அவசியம். பனிமூட்டம் இறங்கினால் விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உறிஞ்சலால் இயங்கும் வாய்ப்பர் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கும்வரை சோர்ந்துபோகும், காலைச் சற்று எடுத்தால் மீண்டும் அசையும்; ஃபோர்ட் ஆங்கிலியா, பிரிஃபெக்ட் உரிமையாளர்கள் இதைப் பழகியிருக்க வேண்டும். கொழுந்துக் கூடையோடு வீதியைக் கடக்கும் பெண்களுக்கு, நண்பகல் கொழுந்து நிறுவை நேரத்திலும் மாலை நிறுவை நேரத்திலும், ஹோர்ன் அடிக்காமல் நின்று வழிவிட வேண்டும்.

கொதித்த வண்டியைக் காற்று வரும் திசையில் நிறுத்தி, போனட்டைத் திறந்து, அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறப்பவர் முகத்தைச் சுட்டுக்கொள்வார். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரை ஊற்றுபவர் சிலிண்டர் தலையை வெடிக்க வைப்பார். ஆறியபின், பாதையோரப் பீலியில் பிடித்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, என்ஜினை ஓடவிட்டவாறே சிறிது சிறிதாக ஊற்றலாம். மேலே வந்து சேர்ந்ததும் உடனே என்ஜினை நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் ஓடவிடுவது, தேங்கிய சூடு தணிய உதவும்.

இறக்கத்தில்

ஏற்றத்தில் பழுதான வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் பழுதான வண்டி நிற்காது. எனவே திரும்பும் நாளில்தான் ஏற்பாட்டாளர்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். இரவு முழுவதும் ஈரத்தில் நின்ற வண்டியில் கை பிரேக்கைப் போட்டு வைத்தால் டிரம்மை உரசிப் பிடிக்கும் பிரேக் லைனிங் அதோடு ஒட்டிக்கொள்ளலாம்; கியரில் விட்டு முட்டுக்கட்டை வைத்து நிறுத்துவதே பாதுகாப்பு. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி காணும் காலைகளும் உண்டு. பற்றரி சோர்ந்திருக்கும் என்பதால் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லா என்ஜின்களையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது கொழுந்து லொறிச் சாரதிகள் வழிவழியாகக் கற்றுக்கொடுத்த விதி. பிரேக்கை நீண்ட நேரம் மெல்ல மிதித்தபடி வருவதைவிட, ஒரு முறை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பின்பு என்ஜினின் பிடிப்பில் விட்டு டிரம்முக்கு ஆற நேரம் கொடுப்பது நல்லது. நியூட்ரலில் உருட்டிப் பெற்றோல் மிச்சம் பிடிக்க நினைக்கும் உறுப்பினரை அடுத்த கூடலுக்கு அழைக்க வேண்டாம் என்றே சொல்வேன். லைனிங் கருகும் வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும். இறக்கத்தில் பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. வண்டி ஏற்றும் லொறி ஒன்றை முன்கூட்டியே பேசிவைத்து, அதன் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதாகத் தீர்மானித்துவிட்டால், பழுதான வண்டியின் உரிமையாளர் செலவுக்கு அஞ்சி ஆபத்தான வழியைத் தேட மாட்டார். பொலிஸ் அவசர இலக்கமான 119, சுவசெரிய நோயாளர் வண்டிச் சேவையின் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகியவற்றை அச்சிட்டு எல்லா வண்டிகளிலும் ஒட்டிவிட வேண்டும். பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலை அறுந்துபோகும் இடங்கள் உள்ளதால், தரிப்பிடங்களில் குழுவாக எண்ணிக்கை எடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது.

கூடும் இடத்தில்

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. சமதரையும் கழிப்பறையும் உள்ள இடமாகப் பார்த்து, பொது இடமானால் மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ எழுத்தில் அனுமதி பெற வேண்டும். புல்தரையில் ஒயில் சொட்டாதிருக்க எல்லா என்ஜின்களின் கீழும் தட்டு வைக்க வேண்டும். பார்க்க வரும் பிள்ளைகளைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தாமல், ஒரு வண்டியையாவது அவர்கள் ஏறி அமர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்க ஒதுக்கிவிடுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிவித்தல் சென்று சேர, அருகிலுள்ள பாடசாலை அதிபர்களிடம் முன்னரே சொல்லிவைத்தால் போதும். வண்டிக்கருகில் வைக்கும் அட்டையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவது மரியாதை.

செய்தி மடல்

கூடலுக்குப் பின் பெரும்பாலான கழகங்கள் வெளியிடும் செய்தி, யார் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், யார் கிண்ணம் பெற்றார் என்பதோடு முடிகிறது. படங்கள் அழகாக இருக்கும்; ஆனால் அடுத்த ஆண்டு மலை ஏறப் போகும் ஒருவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. எந்த வண்டி எந்த இடத்தில் என்ன காரணத்தால் நின்றது, யார் எப்படிச் சரிசெய்தார், பாகம் எங்கே கிடைத்தது என்பவையே ஒரு கழகத்தின் உண்மையான செய்தி. கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்காத ஒரு பாகத்துக்கு வேறு எந்த வண்டியின் பாகம் பொருந்தியது என்ற ஒரு வரி, பத்துப் படங்களைவிட மதிப்புள்ளது. ஆகவே திரும்பிய ஒரு வாரத்துக்குள் எல்லா உறுப்பினர்களிடமும் பழுது விபரத்தைக் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் இருப்பார்கள், செயலாளரே தன் வண்டியின் பழுதை முதலில் எழுதிக்கொடுத்தால் மற்றவர்களும் எழுதுவார்கள்.

வண்டியின் வரலாற்றை எழுதும்போது கண்டிப்பு வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள முதற்பதிவு ஆண்டும் வண்டி செய்யப்பட்ட ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உடல் இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்ட பின்பே ஆண்டை அச்சிட வேண்டும். மொரிஸ் மைனரின் என்ஜின் ஒரு நல்ல துப்பு: 1948 இல் வந்த முதல் வரிசையில் 918 சிசி சைட் வால்வ் என்ஜினும், பின்பு 803 சிசியும், 1956 முதல் 948 சிசியும், 1962 முதல் 1,098 சிசியும் பொருத்தப்பட்டன. ஆனால் எங்கள் கராஜ்களில் என்ஜின்கள் பல முறை மாற்றப்பட்டிருப்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஆங்கில எழுத்து கொண்ட பழைய இலக்கத் தகடு, 1950களின் பிற்பகுதியில் அறிமுகமான சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகட்டுக்கு முந்திய பதிவைக் காட்டுகிறது. அந்த எழுத்தைத் தகட்டில் திணித்ததற்கு எதிராகத் தமிழர் நடத்திய போராட்டமும் ஸ்ரீ தகடு தாங்கிய ஒவ்வொரு வண்டியின் வரலாற்றிலும் சேர்ந்ததே. தகட்டைப் பெருமையோடு படம் பிடிப்பவர்கள் அந்த ஒரு வரியையும் எழுதிவிட வேண்டும். இன்ன துரையின் வண்டி, இன்ன அமைச்சர் ஏறிய வண்டி என்ற செவிவழிச் செய்திகளை, ஆவணம் கிடைக்கும்வரை அச்சேற்றாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி வெள்ளைக்காரத் துரைமார் புறப்பட்டபின் இந்த வண்டிகள் அழியாமல் இருந்ததற்கு, அவற்றை ஓட்டிய சாரதிகளும், பாகம் கிடைக்காத காலத்தில் தகரத்தை வெட்டியும் புஷ்ஷைக் கடைந்தும் உயிர் கொடுத்த மெக்கானிக்குகளும் டிங்கரிங் வேலைக்காரர்களுமே காரணம். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. ஆகையால் மடலில் ஒவ்வொரு வண்டியின் படத்துக்குக் கீழும், உரிமையாளரின் பெயரோடு, அந்த வண்டியில் கைவைத்தவர்களின் பெயரையும் ஊரையும் அவர்களது சம்மதத்தோடு போடுங்கள். வயது சென்ற மெக்கானிக் ஒருவரைச் சந்தித்து, அவர் செய்த ஒரு வேலையை, என்ன கருவி, என்ன அளவு, என்ன உலோகம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி ஒவ்வொரு மடலிலும் ஒரு பக்கம் வெளியிடுங்கள். வண்டி எங்கே நிறுத்தப்படுகிறது என்ற விபரத்தையும் உரிமையாளரின் முகவரியையும் மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.

மடல் அச்சானதும் உறுப்பினர்களுக்கு அனுப்புவதோடு, உதவிய கராஜ்களுக்கும் பாடசாலைகளுக்கும் வழியிலுள்ள பொலிஸ் நிலையங்களுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்க வேண்டும். அடுத்த கூடலுக்கான குழு முதன்முறை அமரும்போது, இந்த மடலின் பழுதுப் பட்டியலை மேசையில் வைத்து, அதிலிருந்தே தரிப்பிடங்களையும், உடன் எடுத்துச் செல்லும் பாகங்களையும், கடைசி வண்டியில் வர வேண்டிய மெக்கானிக்குகளையும் தீர்மானிக்க வேண்டும்.